புதுப்பிப்பு: தொடர்மாடித் திருத்த வேலைகளில் பாரபட்சம் நீங்கிய விதம்

திருகோணமலையில் குடியிருப்பாளர் குழுவே பராமரிக்கும் எமது தொடர்மாடியில், குழுவினருக்கு வேண்டியவர்களின் வீட்டு நீர்க்கசிவு மட்டும் உடனே திருத்தப்படுவதை எவ்வாறு மாற்றலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி.

முதலில், தொடர்மாடி வீட்டு உரிமை பற்றிய 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி வீட்டு உரிமையாளர் அனைவரும், கட்டடத்தை நிர்வகிக்கும் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் உறுப்பினர்களே என எடுத்துக்காட்டினேன். எமது தொடர்மாடியில் பலர் வாடகைக் குடியிருப்பாளர்கள் என்பதால் அது பெரிதாக உதவவில்லை. பலன் தந்தது, படிக்கட்டின் அடியில் முறைப்பாட்டுப் பதிவேட்டை எல்லோரும் பார்க்க வைக்கும் ஆலோசனைதான். திகதி, வீட்டிலக்கம், பழுது, வேலை முடிந்த நாள் ஆகியவை அதில் பதியப்படுகின்றன. மின்னொழுக்கும் கழிவுநீர் அடைப்பும் முதலிலும், ஏனையவை பதிந்த வரிசையிலும் கவனிக்கப்படுகின்றன. தன் வீட்டு வேலைக்குக் குழு உறுப்பினர் தாமே ஒப்புதல் அளிக்க இயலாது.

எதிர்பாராதது ஒன்று: சிங்களம் பேசும் குடும்பங்களிடமிருந்து ஒரு முறைப்பாடும் வரவில்லை. அறிவித்தல்கள் தமிழில் மட்டுமே இருந்தமையே காரணம் என்பதை, நான் உட்பட எவரும் கவனிக்காதது உண்மையில் வருத்தமளித்தது. இப்போது இரு மொழிகளிலும் ஒட்டுகிறோம். ஜும்ஆ தொழுகை நேரத்தோடு மோதிய வெள்ளிக்கிழமைக் கூட்டமும் ஞாயிறு மாலைக்கு மாற்றப்பட்டுள்ளது. வாடகைக் குடியிருப்பாளர்களுக்குக் கூட்டத்தில் பேசும் உரிமை கிடைத்துவிட்டது; வாக்குரிமை இன்னும் பேச்சளவிலேயே உள்ளது.