புதுப்பிப்பு: வெள்ளவத்தை வீட்டுச் சேர்வருக்கு வழி கிடைத்தது

வெள்ளவத்தை வீட்டிலுள்ள சேர்வரைக் கொழும்புக் கோட்டையிலுள்ள அலுவலகக் கணினியிலிருந்து எஸ்.எஸ்.எச். (தொலைவிலுள்ள கணினியைப் பாதுகாப்பாக இயக்கும் முறை) வழியாக இயக்க முடியவில்லை என்றும், ரவுட்டரில் அதற்குரிய நுழைவாயிலான 22ஆம் போர்ட்டைத் திறந்தும் பயனில்லை என்றும் சென்ற மாதம் எழுதியிருந்தேன். பிழை ரவுட்டரில் இல்லை. அதற்கு இணையச் சேவை நிறுவனம் வழங்கியிருந்த இணைய (ஐ.பி.) முகவரி 100.64 முதல் 100.127 வரையான தொகுதியைச் சேர்ந்தது. பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்வதற்கென 2012இல் ஒதுக்கப்பட்ட அத்தொகுதிக்கு வெளியிலிருந்து எந்த இணைப்பும் நேரடியாக வந்து சேராது. இதை முதலிலேயே பார்க்காமல் இரண்டு வார இறுதிகளை வீணாக்கியது என் கவனக்குறைவே.

இப்போது பொது முகவரியுள்ள சிறிய வாடகைச் சேர்வர் ஒன்றை நடுவில் வைத்து, வீட்டுச் சேர்வரே அதை நோக்கி வயர்கார்ட் என்ற மறையாக்கப்பட்ட இணைப்பைத் தொடங்குமாறு அமைத்திருக்கிறேன். 25 விநாடிக்கு ஒருமுறை சிறு பொதியொன்றை அனுப்பும்படி செய்யாவிட்டால், இடையில் முகவரியைப் பகிர்ந்தளிக்கும் சாதனம் அந்த இணைப்பை மறந்துவிடும். முதல் நாள் அப்படித்தான் அறுந்தது. கடவுச்சொல் நுழைவை நிறுத்தி, சாவிக்கோப்பு (கடவுச்சொல்லுக்குப் பதிலாக அடையாளம் காட்டும் இரகசியக் கோப்பு) மட்டுமே ஏற்கப்படுமாறு மாற்றியதோடு, ரவுட்டரில் திறந்த போர்ட்டையும் மூடிவிட்டேன். மின்சாரம் திரும்பியதும் சேர்வர் தானாக இயங்குவதற்குப் பயோஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருள்) ஓர் அமைப்பை மாற்ற வேண்டியிருந்தது. அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் சொல்லி, அம்மாவைக் கொண்டு பிளக்கைக் கழற்றி மாட்டிச் சோதித்தேன். இரண்டு நிமிடத்தில் இணைப்பு மீண்டது.