ஈயம்: பீக்கரில் 98%, குழாயில் சீக்கிரமே கசிவு. சியோலைட்டில் என்ன கோளாறு?

கேள்வி (கல்மணல்)

கிளினாப்டிலோலைட் (தண்ணீரிலுள்ள அயனிகளைப் பிடிக்கும் நுண்துளைக் கல்லான சியோலைட்டில் ஒரு வகை), 0.5–1 மி.மீ. பருக்கை. 1 மோலார் உப்புக் கரைசலில் 24 மணி நேரம் ஊறவைத்து, கழுவி, 105 டிகிரியில் உலர்த்தியது. லிட்டருக்கு 50 மி.கி. ஈயமுள்ள 100 மி.லி. கரைசலில் 1 கிராம் போட்டுக் கலக்கினால் 98% போய்விடுகிறது. பி.எச். 5-ல் தொடங்கி 7.4-ல் முடிகிறது.

அதையே 2.5 செ.மீ. உள்விட்டக் குழாயில் 20 செ.மீ. உயரம் நிரப்பி, நிமிடத்துக்கு 50 மி.லி. ஆலைக் கழிவுநீர் விட்டேன் (ஈயம் 10, கால்சியம் 100 மி.கி./லி.). சில மணி நேரத்திலேயே ஈயம் கசிகிறது. கழிவுநீரில் உள்ள ஆறு இணைதிறன் குரோமியம் துளியும் குறையவில்லை. ஏன்?

பதில் 1 (வீழ்படிவு)

முதலில் அந்த 98 சதவீதத்தையே நம்பாதீர்கள். சியோலைட் ஹைட்ரஜன் அயனியையும் பிடித்துக்கொள்வதால் பி.எச். ஏறும். 7.4-ல் ஈயம் ஹைட்ராக்சைடாகவோ கார்பனேட்டாகவோ படிந்து வடிதாளில் தங்கும். கணக்கு மட்டும் கல்லின் பெயரில் ஏறும். கல் போடாத கரைசலை நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடால் 7.4-க்கு உயர்த்தி, அதே நேரம் கலக்கி, வடித்து அளந்து பாருங்கள். பிறகு சோதனை முழுக்க நீர்த்த நைட்ரிக் அமிலச் சொட்டுகளால் பி.எச்.ஐ 5-லேயே பிடித்து வைத்துத் திரும்பச் செய்யுங்கள். பாஸ்பேட் தாங்கல் (பி.எச். மாறாமல் வைக்கும் கரைசல்) வேண்டாம், அதுவே ஈயத்தை வீழ்த்தும்.

இன்னொன்று: கிராமுக்கு 5 மி.கி. ஈயம்தான் கொடுத்திருக்கிறீர்கள். கல்லின் பரிமாற்றத் திறன் (தன் அயனிகளை விட்டு வேறு அயனிகளை ஏற்கும் அளவு) கிராமுக்கு 2 மில்லிசமானம் (அயனிகளை மின்சுமையைக் கொண்டு எண்ணும் அலகு) என்றால் கொள்ளளவு ஏறக்குறைய 207 மி.கி. அதில் இரண்டரை சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. லிட்டருக்கு 0.2, 0.5, 1, 2 கிராம் என்று கல்லைக் குறைத்துப் போட்டால்தான் உண்மையான திறன் தெரியும்.

பதில் 2 (படுகை)

குழாயின் சிக்கல் வேறு. குழாயில் நிரப்பிய கல் படுகையின் கன அளவு சுமார் 98 மி.லி.; 50 மி.லி. வேகத்தில் தண்ணீருக்குக் கிடைப்பது இரண்டே நிமிடம். இந்த அளவுப் பருக்கையின் உள்ளே ஈயம் ஊடுருவ அது போதாது. 10 மி.லி.க்குக் குறையுங்கள். உலர்ந்த கல்லை அப்படியே கொட்டாமல், தண்ணீரில் ஊறவைத்துக் காற்று போன பிறகு நிரப்பி, கீழிருந்து மேலாக ஓட்டுங்கள். இல்லாவிட்டால் குழாய்ச் சுவரோரம் தண்ணீர் குறுக்குவழி பிடிக்கும்.

கால்சியத்தையும் மில்லிசமானத்தில் பாருங்கள்: கால்சியம் 5, ஈயம் 0.1-க்கும் கீழே. இந்தக் கல்லுக்கு ஈயத்தின்மேல்தான் விருப்பம் அதிகம். ஆனாலும் ஐம்பது மடங்கு கூட்டம் நெருக்கினால் திறன் சரியத்தான் செய்யும். அதனால் சோதனைக் கரைசலிலும் அதே அளவு கால்சியம் சேர்த்தே அளக்க வேண்டும். உப்பில் ஊறவைப்பதையும் ஒருமுறையோடு விடாமல், கிராமுக்கு 10 மி.லி. வீதம், 60–70 டிகிரியில், மூன்று முறை புதுக் கரைசல் மாற்றிச் செய்யுங்கள். கழுவிய நீர் வெள்ளி நைட்ரேட்டில் கலங்குவது நிற்கும் வரை (உப்பின் குளோரைடு போய்விட்டது என்பதற்கு அடையாளம்) கழுவணும்.

பதில் 3 (களிமண்)

குரோமியம் அங்கே குரோமேட்டாக, எதிர்மின் அயனியாக இருக்கிறது. கல்லின் சட்டகமும் எதிர்மின் சுமை கொண்டது, எப்படி ஒட்டும்? அதற்கு எச்.டி.டி.எம்.ஏ. புரோமைடு (நேர்மின் சுமையுள்ள, சோப்பு போன்ற நீண்ட மூலக்கூறு) பூசிய தனிப் படுகை வேண்டும். அந்த மூலக்கூறு நுண்துளைக்குள் போகாது. எனவே மொத்தத் திறனை விட்டுவிட்டு, வெளிப்பரப்பின் பரிமாற்றத் திறனை மட்டும் அளந்து, அதைப் போல் இரண்டு மடங்கு கொடுங்கள். ஒரு மடங்கோடு நிறுத்தினால் ஓரடுக்குதான் படியும், பரப்பு நேர்மின்னாக மாறாது. நுரை வருவது நிற்கும் வரை கழுவுங்கள். ஈயப் படுகைக்கு அடுத்து இதை வையுங்கள். இரண்டையும் ஒரே குழாயில் கலக்க வேண்டாம், ஏனென்றால் ஈயப் படுகையை மட்டும் அவ்வப்போது உப்புக் கரைசலால் மீட்டெடுக்க வேண்டியிருக்கும். அப்படி வெளிவரும் உப்புநீரில் ஈயம் செறிந்திருக்கும். அதைச் சாக்கடையில் விடாதீர்கள்.