ஞாயிறு வளைகாப்பு: குடும்பக் குழு

கமலா அத்தை: சமுதாயக் கூடம் நமக்கு இல்லையாமே? மாநகராட்சி எடுத்துக்கொண்டதாம். கடையில் சொல்கிறார்கள். ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று!

ராமு சித்தப்பா: யார் கிளப்பியது?

கமலா அத்தை: மீனாவின் படம் வரையும் நிகழ்ச்சியாம்.

பிரியா: அத்தை, பதறாதீர்கள்.

மீனா: அத்தை, சனிக்கிழமை மட்டும்தான். ஞாயிறு நமக்குத்தான், ரசீது குமார் அண்ணனிடம் இருக்கிறது. சனியன்று மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டை முகாம். காத்திருக்கும் பிள்ளைகளோடு நான் ஓவியம் செய்கிறேன்.

குமார்: பந்தல்காரர் சனி மாலை 5 மணிக்கு வருகிறார்.

விஜயா பெரியம்மா: கண்ணாடி வளையல் எத்தனை டஜன்?

ராமு சித்தப்பா: முகாமில் படம் எதற்கு? அட்டையைக் கொடுத்து அனுப்ப வேண்டியதுதானே.

கமலா அத்தை: இவள் எழும்பூர் ஓவியக் கல்லூரியில் சேர்ந்தபோதும் எதற்கு என்றுதான் கேட்டீர்கள். அண்ணன் உங்களோடு பேச்சை நிறுத்தியது மறந்துவிட்டதா?

பிரியா: இப்போது அது வேண்டாம்.

மீனா: சொல்கிறேன் சித்தப்பா. மருத்துவர் குறைபாட்டை விழுக்காட்டில் எழுதுவார். 40க்குக் குறைந்தால் பல சலுகைகள் கிடைக்காது. அதனால் பிள்ளையால் என்னென்ன முடியாது என்பதைத் தாயே அவன் எதிரில் அடுக்க வேண்டியிருக்கிறது. அவனும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதே கூடத்தில் அவனால் முடிந்ததற்கும் ஓர் இடம் வேண்டும். இந்த முறை மெரினா செய்கிறோம். மணல், கிளிஞ்சல், தேங்காய் நார் எல்லாம் பசையில் ஒட்டி, பார்வையில்லாத பிள்ளையும் தடவிப் பார்க்கும்படி. விரல் மடங்காதவர்களுக்குத் தூரிகையில் பஞ்சு சுற்றித் தருவேன். இது தயவு இல்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு கலையையும் பொழுதுபோக்கையும் அவர்களின் உரிமையாகவே சொல்கிறது.

குமார்: சரி. 5 மணி?

விஜயா பெரியம்மா: மீனா, சூர்யாவை அழைத்து வரலாமா? சத்தம் தாங்கமாட்டான்.

மீனா: வாருங்கள் பெரியம்மா. பின் அறையில் மின்விசிறி கூடப் போடாமல் ஒரு மூலை வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் வரைய வேண்டாம், சும்மா இருக்கட்டும்.

விஜயா பெரியம்மா: போன கல்யாணத்தில் அவனை வெளியே உட்கார வைக்கச் சொன்னார்கள். அதிலிருந்து எங்கும் அழைத்துப் போவதில்லை.

பிரியா: ஞாயிறும் அவன் வர வேண்டும் பெரியம்மா. என் பக்கத்தில் உட்காரட்டும்.

கமலா அத்தை: வளையல் எட்டு டஜன் போதுமா?

மீனா: குமார் அண்ணா, பந்தல்காரரிடம் நீளப் பலகை இருக்குமா? வாசல் படிகள் மொத்தம் ஓர் அடி உயரம். சக்கர நாற்காலி ஏற 12 அடி சரிவு வேண்டும்.

ராமு சித்தப்பா: இரண்டு பலகையைச் சாய்த்தால் போதாதா?

மீனா: செங்குத்தாக இருந்தால் பின்னால் சாய்ந்துவிடும் சித்தப்பா. ஞாயிறு பாட்டிக்கும் அதே சரிவுதான்.

ராமு சித்தப்பா: என் நண்பரின் மரக்கடையில் கேட்கிறேன். வாடகை வாங்கமாட்டார்.

குமார்: பந்தல்காரர் போனை எடுக்கவில்லை. 7 மணிக்கு வரச் சொல்லிப் பார்க்கிறேன். பசை காய்ந்துவிடுமா?

மீனா: மழை இல்லாவிட்டால் காய்ந்துவிடும்.

கமலா அத்தை: பச்சை வளையலா, சிவப்பா? யாராவது சொல்லுங்கள்.