தம்பி ரிமாண்டில் இருக்கான், கடலூர் கோர்ட் விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

வரப்புத் தகராறுல பக்கத்து நிலத்துக்காரர் புகார் கொடுத்து, தம்பியை முந்தாநாள் ரிமாண்ட் பண்ணி கேப்பர் மலை ஜெயில்ல வச்சிருக்காங்க. எஃப்.ஐ.ஆர்.ல பி.என்.எஸ். (ஐ.பி.சி.க்குப் பதிலா வந்த புதுச் சட்டம்) பிரிவு 115(2), 118(1), 351(3)னு இருக்கு. முதலாவது காயம், கடைசி கொலை மிரட்டல். நடுவுல உள்ளதுதான் வயித்தைக் கலக்குது: ஆயுதத்தால தாக்கினதாம். மடை திறக்கப் போனவன் கையில மண்வெட்டி இருந்துச்சு, அவ்வளவுதான். அவன் அதை ஓங்கவே இல்லைங்க.

காவல்ல இருக்கிறவங்களுக்கு வருமானம் பார்க்காம இலவச வக்கீல் உண்டாம். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு கொடுத்தவங்க யாராவது இருக்கீங்களா? நாங்க கொடுத்தா போதுமா, ஜெயில்லேர்ந்து அவன் கையெழுத்து வேணுமா? ஜாமீன் மனுவை முதல்ல மாஜிஸ்திரேட் கோர்ட்ல போடணுமா, நேரா செஷன்ஸ் போகலாமா? அம்மா ரெண்டு நாளா சோறு தொடல. தயவுசெஞ்சு சொல்லுங்க.