முன் பிரேக்கைத் தொடலாமா, கூடாதா? (புது வண்டிக்காரர்கள் கவனத்துக்கு)

புல்லட் பாண்டி:
புதிதாக பைக் பழகும் ஒரு பையனுக்கு நேற்று இங்கே ஒருவர் அறிவுரை எழுதியிருக்கிறார்: "ஏபிஎஸ் உள்ள வண்டியாக வாங்கு, யூ டர்னில் விழவே மாட்டாய்." படித்ததும் டீ புரையேறிவிட்டது. ஏபிஎஸ் சக்கரம் லாக் ஆகாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். சாய்கிற வண்டியைத் தோள் கொடுத்துத் தாங்காது. ஹேண்டிலைத் திருப்பி வைத்துக்கொண்டு நடை வேகத்தில் முன் பிரேக்கைப் பிடித்தால், திருப்பின பக்கமே மடங்கி விழும். மெதுவாகப் போகும்போது முன் பிரேக் பக்கம் விரலே போகக் கூடாது. பின் பிரேக்கை லேசாக மிதி, கிளட்ச்சைப் பாதி மட்டும் விட்டு ஹாஃப் கிளட்ச்சில் வை, கண்ணை டயரிலிருந்து எடுத்து, போக வேண்டிய இடத்தைப் பார். முடிந்தது.

கோவை ரைடர்:
அந்த "ஒருவர்" நான்தான், பெயரைச் சொல்லியே திட்டலாம். மணலில் பதறிப்போய் பிரேக்கை அழுத்துகிறவனுக்காகச் சொன்னது அது. 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட புது வண்டிக்கு ஏபிஎஸ் கட்டாயம் என்று சும்மாவா சட்டம் போட்டார்கள்? "விரலே போகக் கூடாது" என்பது ரொம்ப ஓவர். ஹேண்டில் நேராக இருந்தால் முன் பிரேக்கை மெல்லப் பிடித்து அழகாக நிறுத்தலாம்.

புல்லட் பாண்டி:
ஹேண்டில் நேராக இருந்தால் என் பாட்டிகூட நிறுத்துவாள். புதுப் பையன் ஹேண்டிலை எங்கே நேராக வைத்திருக்கிறான்? விரலே போகக் கூடாது.

ஸ்கூட்டரிலிருந்து மாறியவள்:
ஒரு சந்தேகம். மெதுவாக என்றால் எத்தனை கிலோமீட்டர் வேகம்? 5? 15? இரண்டு பேரும் வேறு வேறு வேகத்தைச் சொல்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

தேனி மாவட்டத்தான்:
பாண்டி அண்ணே, மலை இறக்கத்தில் லாரிக்குப் பின்னால் நின்று நின்று போகும்போது எடை முழுக்க முன்னால்தான் வரும். பின் பிரேக் மட்டும் மிதித்தால் டயர் இழுத்துக்கொண்டே போகும். அங்கே என்ன செய்வீர்கள், சாமி கும்பிடுவீர்களா?

புல்லட் பாண்டி:
கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் எனக்கு வீட்டு முற்றம் மாதிரி. முதல் கியரில் இறங்கினால் இன்ஜினே பிடித்துக்கொள்ளும். நியூட்ரலில் உருட்டி பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறவர்களுக்குத்தான் முன் பிரேக் தேவைப்படும். தேனிப் பக்கம் அதுதான் வழக்கமோ என்னவோ.

தேனி மாவட்டத்தான்:
ஊரை இழுக்காதீர்கள். கேட்டதற்குப் பதில் இல்லை.

ஸ்பேனர் செல்வம்:
நான் ஒன்று கேட்கிறேன். பாண்டி ஓட்டுவது வலது பக்கம் கியர் உள்ள பழைய புல்லட். அதில் பின் பிரேக் இடது காலில். நம் ரோடு ஓரம் இடது பக்கம் சரிந்திருக்கும், அதனால் ஓரங்கட்டும்போது எல்லோரும் இடது காலைத்தான் ஊன்றுவார்கள். இடது கால் பிரேக்கில் இருந்தால் இவர் எந்தக் காலை ஊன்றுகிறார்? மேட்டுப் பக்கம் வலது காலை ஊன்றினால், கொஞ்சம் இடது பக்கம் சாய்ந்தாலும் போச்சு. கடைசி அடியில் முன் பிரேக்தானே பிடிக்கிறீர்கள், பாண்டி சார்?

கோவை ரைடர்:
😂😂 ஆளைக் காணோம்.

புல்லட் பாண்டி:
சாப்பிடப் போயிருந்தேன், இங்கேதான் இருக்கிறேன். எனக்குக் கால் நீளம், இரண்டு காலும் எட்டும். 805 மில்லிமீட்டர் உயர சீட்டில் கட்டைவிரல் நுனியில் நிற்கிறவர்கள் என்னோடு வாதம் பண்ண வேண்டாம்.

ஸ்கூட்டரிலிருந்து மாறியவள்:
கால் எட்டுவதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? என்னுடைய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 195 கிலோ. முழுப் பாதமும் ஊன்றித்தான் நின்றிருந்தேன், பெட்ரோல் பங்க் தரையில் கொட்டிக் கிடந்த ஆயிலில் செருப்பு வழுக்கியது. நல்ல ஷூ போடு என்று ஒருத்தராவது சொன்னீர்களா? வேகத்தைக் கேட்டதற்கும் பதில் வரவில்லை.

புல்லட் பாண்டி:
செருப்போடு 195 கிலோ வண்டி! அம்மா, முதலில் ஸ்பிளெண்டரில் எட்டு போட்டுப் பழகுங்கள். அப்போதும் முன் பிரேக் பக்கம் விரல் போகக் கூடாது.

ஸ்கூட்டரிலிருந்து மாறியவள்:
லைசென்ஸ் ஆர்டிஓ கொடுத்தது சார், நீங்கள் கொடுத்ததில்லை.

ஸ்பேனர் செல்வம்:
கடைசி அடியில் எந்த பிரேக்? இன்னும் சொல்லவில்லை.

கோவை ரைடர்:
சொல்ல மாட்டார். செயினுக்குப் பழைய இன்ஜின் ஆயில் ஊற்றலாம் என்று போன தடவை அடம்பிடித்த ஆள்தானே.

புல்லட் பாண்டி:
இப்போதும் சொல்கிறேன், ஊற்றலாம். ஸ்பிரே டப்பாவுக்குத் தண்டமாகக் காசு கொடுக்கிறவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

தேனி மாவட்டத்தான்:
உள்ளே கிரீஸைக் காக்கும் ரப்பர் வளையம், அதாவது ஓ ரிங், உள்ள செயினுக்கா? இரும்புப் பொடி கலந்த அந்தக் கறுப்பு ஆயிலையா ஊற்றுகிறீர்கள்?

புல்லட் பாண்டி:
என் வண்டியில் ஓ ரிங்கும் இல்லை, ஏபிஎஸ்ஸும் இல்லை. உங்கள் செயினைப் போட்டோ எடுத்துப் போடுங்கள், பார்ப்போம்.