ஸ்பிட்டியில் பனிச்சிறுத்தை பார்க்கப் போகலாமா?

மலைக்காற்று:
பிப்ரவரியில் ஹிமாச்சலின் ஸ்பிட்டிக்குப் போய், கிப்பர் கிராமத்தில் ஐந்து நாள் தங்கிப் பனிச்சிறுத்தை பார்க்க ஆசை. நண்பர் ஒருவர், அந்த விலங்கைத் தொந்தரவு செய்யாதே என்கிறார். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

கூழாங்கல்:
உங்கள் நண்பர் பக்கம்தான் நான். 2024 ஜனவரியில் வெளியான கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 718 பனிச்சிறுத்தைகள் இருக்கின்றன. அதில் ஹிமாச்சலின் பங்கு வெறும் 51. குளிர்காலம் அவை இணை தேடும் பருவம். தவிர, மலையில் திரியும் காட்டு விலங்கான ஒரு நீல ஆட்டை அடித்துவிட்டால் அதைப் பல நாள் அங்கேயே கிடந்து தின்னும். அந்த இடம் தெரிந்ததும் எதிர்ச்சரிவில் கேமராக் கூட்டம் கூடிவிடுகிறது. நானும் ஒருமுறை அந்தக் கூட்டத்தில் நின்றேன். சிறுத்தை எழுந்து எங்களையே பார்த்தது, இரையை விட்டுவிட்டு மேலே ஏறிப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் போகவில்லை.

பனிப்பாதை:
கூழாங்கல், நீங்கள் பார்த்தது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் கிப்பர்க்காரர்களை விட்டுவிட்டுப் பேசுகிறீர்கள். பட்டிக்குள் சிறுத்தை புகுந்தால் ஒரே இரவில் பல ஆடுகள் போய்விடும். அந்த நஷ்டம் முழுக்க அந்த ஒரு வீட்டின் தலையில்தான். அப்படிப்பட்ட ஊர், மேய்ச்சல் நிலத்தில் ஒரு பகுதியைக் கால்நடை விடாமல் ஒதுக்கி வைத்தது. அங்கே நீல ஆடுகள் பெருகின. 2002 முதல் ஊராரே பணம் போட்டு நடத்தும் கால்நடைக் காப்பீடும் இருக்கிறது. இன்று அதே ஊர் இளைஞர்கள் பயணிகளுக்குச் சிறுத்தையைக் காட்டத் தொலைநோக்கியோடு விடியற்காலையில் மலையை அலசுகிறார்கள். வயல் பனிக்கடியில் கிடக்கும் மாதங்களில் கையில் காசு வருவது இதனால்தான். நாம் எல்லோரும் வராமல் நின்றுவிட்டால் சிறுத்தை அவர்களுக்கு மறுபடி ஆடு திருடும் பிராணி மட்டும்தான்.

கூழாங்கல்:
வருமானம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை பேர் வரலாம் என்று யார் முடிவு செய்வது? வரம்பு இல்லாத வருமானம் அந்தச் சிறுத்தையையே விரட்டிவிடும்.

தூரதேசி:
இருவரும் சிறுத்தையையே பார்க்கிறீர்கள். கிப்பர் 4,200 மீட்டர் உயரம். பருவமழை எட்டாத குளிர்ப் பாலைவனம். பார்லிக்கும் பட்டாணிக்கும் பனி உருகி வாய்க்காலில் வரும் தண்ணீர்தான் கதி. பனி குறைந்த வருடம் விதைப்பிலேயே கை வைக்கிறது. குளிரில் குழாய்கள் உறைந்துபோக, வீட்டுப் பெண்கள் தண்ணீரைச் சுமந்து வருகிறார்கள். அதில் விருந்தாளி தினமும் வெந்நீர்க் குளியல் கேட்பது அநியாயம். மண் தூவும் உலர் கழிப்பறையைப் பார்த்து முகம் சுளிப்பவர்களையும் கண்டிருக்கிறேன். அந்த எருதான் வசந்தத்தில் வயலுக்குப் போகிறது.

இன்னொன்று, நாய்கள். பயணிகள் போடும் மிச்சம் மீதியைத் தின்று பெருகிய நாய்க்கூட்டம் ஆடுகளையும் காட்டு விலங்குகளையும் துரத்துகிறது. குப்பையைத் திரும்ப எடுத்துப் போங்கள்.

கூழாங்கல்:
நாய் விஷயத்தில் முழுக்க ஒத்துப்போகிறேன். அதை நான் யோசிக்கவில்லை.

மலைக்காற்று:
சரி, போகிறேன். ஆனால் ஊர்க்காரர் வீட்டில், அவர்கள் சொல்லும் தூரத்தில் நின்று. அடல் சுரங்கம் வழியாக மணாலியிலிருந்து போக முடியுமா?

பனிப்பாதை:
முடியாது. 2020இல் திறந்த சுரங்கம் பக்கத்துப் பள்ளத்தாக்கான லாஹூல் வரைதான் உதவும். அதற்கப்புறம் குன்சும் கணவாய் பனியில் மூடிக் கிடக்கும். சிம்லா, கின்னௌர் வழியாகப் போங்கள். கல்பாவிலும் தாபோவிலும் ஒவ்வொரு இரவு தங்கி உடம்பைப் பழக்கிக்கொண்டு அப்புறம் ஏறுங்கள்.

கூழாங்கல்:
இரைக்கு அருகே கூட்டம் இருந்தால் நீங்கள் மட்டுமாவது திரும்பி வந்துவிடுங்கள். அதுபோதும் எனக்கு.