லாரிக்காரர் நீட்டிய பத்திரம்: எங்கள் குடும்பக் குழுவில் ஒரு காலை

செல்வி, 6.52
எல்லோருக்கும் வணக்கம். லாரி மோதி அடிபட்ட என் வீட்டுக்காரருக்கு நேற்று வலது காலில் இரண்டாவது அறுவைச் சிகிச்சை முடிந்தது. இரவெல்லாம் தூங்கவில்லை என்றாலும் இப்போது பேசுகிறார். முதல் 48 மணி நேரச் செலவு, விபத்துச் சிகிச்சைக்கான அரசின் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் போய்விட்டது, அதற்குப் பிறகான மருந்துக் கடைப் பாக்கி மட்டும் நிற்கிறது. நேற்று மாலை லாரி உரிமையாளரின் ஆள் ஒருவர் ரூ. 50,000 ரொக்கமும் டைப் அடித்த முத்திரைத்தாள் ஒன்றும் கொண்டுவந்து, கையெழுத்துப் போட்டால் பணத்தை இப்போதே வாங்கிக்கொள்ளலாம் என்றார். காலையில் திரும்ப வருவதாகச் சொல்லித் தாளை இங்கேயே விட்டுப்போயிருக்கிறார். வாங்கிவிடலாமா, பெரியப்பா?

பெரியப்பா, 7.05
வேண்டாம் அம்மா. முதலில் அந்தத் தாளைப் படம் எடுத்துக் குழுவில் போடு.

பெரியப்பா, 7.21
படித்தேன். நான்காவது வரியில், “எனது இருசக்கர வாகனம் சறுக்கி நானாகவே விழுந்தேன், மேற்படி லாரி என் மீது மோதவில்லை” என்று இருக்கிறது. இதைச் சமாதானப் பத்திரம் என்று அவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். இதில் கையெழுத்து விழுந்தால் வழக்கே இல்லை என்று காப்பீட்டுக் கம்பெனி வாதாடும். விபத்தன்று மருத்துவமனையில் எழுதிய ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) காப்பி உன்னிடம் இருக்கிறதா? விபத்து எப்படி நடந்தது என்று அதில் என்ன எழுதியிருக்கிறார்கள்?

செல்வி, 7.26
தூக்கிவந்த ஆட்டோக்காரர் பதற்றத்தில் “வண்டியில் இருந்து விழுந்துவிட்டார்” என்று சொன்னாராம். அதையே எழுதியிருக்கிறார்கள். லாரி என்ற சொல்லே அதில் இல்லை.

பெரியப்பா, 7.38
நான் பயந்தது அதுதான். நீதிமன்றத்தில் சிரஸ்தாராக இருந்த காலத்தில், இந்த ஒரு வரியை வைத்தே கம்பெனி வக்கீல்கள் மணிக்கணக்கில் குறுக்கு விசாரணை செய்ததைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் கலங்காதே. எஃப்.ஐ.ஆரில் லாரி எண் இருக்கிறது. அதோடு சம்பவ இடத்தைப் பார்த்துப் போலீஸ் எழுதிய பார்வை மகஜர், அந்த இடத்தின் ரஃப் ஸ்கெட்ச், லாரியின் இடது பக்கத்தில் உள்ள உராய்வைக் குறித்திருக்கும் மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை ஆகியவற்றின் நகல்களை வாங்கி, அந்த ஆட்டோக்காரரையும் சாட்சியாக நிறுத்தினால், அவர் அன்று சொன்னது அவசரத்தில் சொன்னது என்பது விளங்கிவிடும். குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்கக் கூடியது என்றுதான் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் பார்க்கும்.

குமரேசன் மாமா, நாமக்கல், 7.50
மூன்று லாரி வைத்திருப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். இன்சூரன்ஸ் நடப்பில் இருந்து மற்ற காகிதங்களும் சரியாக இருந்தால், தீர்ப்பாயம் எவ்வளவு போட்டாலும் கம்பெனிதான் கட்டும், உரிமையாளர் கையைவிட்டு ஒரு ரூபாய் போகாது. அப்படியிருக்க ஒருவர் ரொக்கத்தோடு ஆஸ்பத்திரி வாசலுக்கு ஓடி வருகிறார் என்றால், எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று), பர்மிட், டிரைவர் லைசென்ஸ் இவற்றில் ஏதோ ஒன்று இடிக்கிறது.

பிரியா, 8.04
மாமா சொன்னது சரி. வண்டி விவரம் காட்டும் எம்பரிவாகன் செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்த்தேன், அக்கா. இன்சூரன்ஸ் இன்னும் ஏழு மாதத்துக்கு இருக்கிறது, எஃப்.சி. போன மாதமே முடிந்துவிட்டது. இதனால் நமக்குப் பணம் வராமல் போய்விடுமா?

பெரியப்பா, 8.15
பெரும்பாலும் போகாது. உரிமையாளர் நிபந்தனையை மீறியிருந்தாலும், பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி முதலில் கொடுத்துவிட்டுப் பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று தீர்ப்பாயங்கள் உத்தரவிடுவதுண்டு; 2004இல் ஸ்வரன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் லைசென்ஸ் கோளாறுகளைப் பற்றி இதை விரிவாகச் சொன்னது. அந்த உரிமையாளரின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த வசூல்தான்.

செல்வி, 8.22
அந்த டிரைவர் சின்னப் பையன், பெரியப்பா. விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தவன் அவன்தான். நாம் வழக்குப் போட்டால் அவன் ஜெயிலுக்குப் போவானா?

பெரியப்பா, 8.30
அவன் மேல் உள்ளது போலீஸ் வழக்கு, அது தனியாக நடக்கும். இழப்பீட்டு மனு கேட்பது பணத்தை மட்டுமே. விபத்து திண்டுக்கல் எல்லையில் நடந்திருந்தாலும், நீ குடியிருக்கும் கரூரிலேயே போடலாம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போட வேண்டும் என்று 1-4-2022 முதல் விதி இருக்கிறது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தில் வழக்கு இருக்கிறது, அவசரமில்லை என்று எந்த வக்கீல் ஆறுதல் சொன்னாலும் நாம் காத்திருக்க வேண்டாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் வக்கீலை நியமிக்கும் வெற்று வக்காலத்துத் தாளோடு சுற்றுகிறவர்களிடமும் கையெழுத்துப் போட்டுவிடாதே.

பிரியா, 8.36
தோராயமாக எவ்வளவு கிடைக்கும், பெரியப்பா?

பெரியப்பா, 8.58
மாப்பிள்ளைக்கு வயது 38. கொத்தனார் வேலையில் மாதம் ரூ. 20,000 என்று நிரூபித்தால், 40 வயதுக்குட்பட்ட சுயதொழிலாளருக்கு எதிர்கால உயர்வாக 40 சதவீதம் சேர்த்து ரூ. 28,000 ஆகும், ஆண்டுக்கு ரூ. 3,36,000. உச்ச நீதிமன்றத்தின் சரளா வர்மா தீர்ப்பின் அட்டவணைப்படி, அந்த வயதுக்கு ஆண்டு வருமானத்தைப் பெருக்க வேண்டிய எண் 15. ஊனம் 30 சதவீதம் என்று மருத்துவக் குழு சான்று கொடுத்து, அதை அப்படியே எடுத்தால் ரூ. 15,12,000 வரும். ஆனால் 2010ஆம் ஆண்டு ராஜ்குமார் வழக்கின் தீர்ப்புப்படி, உடலில் எத்தனை சதவீதம் என்பதைவிட, அந்த ஊனம் அவரவர் பிழைப்பை எவ்வளவு பாதிக்கிறது என்பதே கணக்கு. நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவருக்கு மடங்காத முழங்கால் ஒரு தொந்தரவு. சாரம் ஏறுகிறவருக்கு அதுவே வேலையின் முடிவு. தீர்ப்பாயம் அதை 50 சதவீதமாக ஏற்றால் ரூ. 25,20,000. மருத்துவச் செலவு, வலி வேதனை, வட்டி எல்லாம் இதற்கு மேல். மக்கள் நீதிமன்றத்தில் கம்பெனி சமாதானத்துக்கு வரலாம். அங்கே முடித்தால் அப்பீல் கிடையாது என்பதால், ஊனச் சான்று கைக்கு வரும்வரை தொகை பேசக் கூடாது.

குமரேசன் மாமா, 9.04
கூலிக்கு ரசீது ஏது? அங்கேதான் கம்பெனி கை வைக்கும்.

செல்வி, 9.11
மேஸ்திரியிடம் சிவப்பு அட்டை போட்ட கூலி நோட்டு இருக்கிறது, ஒவ்வொரு சனிக்கிழமையும் இவர் பெயருக்கு நேராகக் கையெழுத்து இருக்கும். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய அட்டையும் வீட்டில் இருக்கிறது.

பெரியப்பா, 9.14
அந்த நோட்டை இன்றே நகல் எடுத்துவிடு. மேஸ்திரியும் சாட்சி சொல்ல வர வேண்டும். மருந்துக் கடைப் பாக்கியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், பில்களை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதே.

செல்வி, 9.40
அந்த ஆள் வந்தார். பணமும் வேண்டாம், கையெழுத்தும் இல்லை என்று தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஆட்டோக்காரர் மாலை ஐந்து மணிக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார், பெரியப்பா.